ஒயர் கோளாறுக்கு எஞ்சினைப் பழித்து வாரண்டியை மறுத்தது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் தோட்ட டிராக்டரின் உரிமையாளர்,
பொள்ளாச்சி, கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: வாரண்டி மறுப்பை நீக்கி, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தென்னந்தோப்பில் புல் வெட்டவும், பறித்த காய்களைச் சிறு டிரெய்லரில் இழுத்து வரவும் தங்களுடைய இரட்டை சிலிண்டர் பெட்ரோல் டிராக்டரை வாங்கினேன். வாரண்டிக் காலம் இன்னும் முடியவில்லை. வண்டி சூடேறியதும் திடீரென்று நிற்கத் தொடங்கியது. நிற்கும்போது ஆயில் விளக்கு எரியும். ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

தங்கள் சர்வீஸ் மையத்தில் விட்டேன். தீப்பொறி தரும் இக்னிஷன் காயில்கள், சாவி சுவிட்ச், ஆயில் பிரஷர் சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்றி, மின்சாரப் பாகங்களுக்கு வாரண்டி இல்லை என்று 9,400 ரூபாய் வாங்கினார்கள். வாரண்டிப் புத்தகத்தில் விலக்கப்பட்டவை பேட்டரி, பெல்ட், பிளேடு, ஸ்பார்க் பிளக் மட்டுமே. அப்படியும் கோளாறு தீரவில்லை. கடைசியில், ஆயில் பம்ப் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "ஆயில் இல்லாமல் ஓட்டியதால் பழுது, வாரண்டி செல்லாது" என்று ஜாப் கார்டில் (வேலை விவரத் தாளில்) எழுதியும் கொடுத்தார்கள். அதே தாளின் மேற்பகுதியில் "ஆயில் அளவு சரி" என்று குறித்திருப்பதும் அவர்கள்தான். பணத்தைவிட என்னை வருத்துவது இந்தப் பொய்ப்பழி.

ஆயில் விளக்கு எரிந்தாலே அழுத்தம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இந்த வண்டியின் ஆயில் பிரஷர் சுவிட்சில் ஒரே ஒரு ஒயர்தான் இருக்கிறது. அதன் உடல் எஞ்சினில் திருகப்பட்டிருப்பதால் அதுவே எர்த். அழுத்தம் இல்லாதபோது உள்ளே தொடுமுனைகள் சேர்ந்து விளக்கு எரியும். அழுத்தம் ஏறக்குறைய 5 பிஎஸ்ஐயைத் (பிஎஸ்ஐ என்பது அழுத்த அலகு) தாண்டினால் அவை பிரிந்து விளக்கு அணையும். அந்த ஒயர் வழியில் எங்கேனும் இரும்பைத் தொட்டாலும் விளக்கு எரியத்தான் செய்யும். மேலும், எந்தக் காரணத்தால் எஞ்சின் நின்றாலும், சாவி ஆன் நிலையில் இருந்தால் அழுத்தம் இறங்கி விளக்கு எரியும். அழுத்தம் போனதால் எஞ்சின் நின்றதா, எஞ்சின் நின்றதால் அழுத்தம் போனதா என்பதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பிரஷர் கேஜ் (அழுத்தமானி) போதும். சர்வீஸ் மையத்தில் அது இல்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜைத் திருகினார். சூடேறிய பிறகும் முள் 30 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கவில்லை. எஞ்சின் நின்ற பின்புதான் விழுந்தது. கேஜ் மாட்டுவதற்காக விளக்கின் ஒயரைக் கழற்றி, எதிலும் படாமல் தனியே விட்டிருந்தார். அப்படியும் விளக்கு எரிந்தது! சுவிட்சோ பம்போ காரணம் அல்ல என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அடுத்து இக்னிஷன். இந்த எஞ்சினில் ஃபிளைவீலில் (எஞ்சினோடு சுழலும் சக்கரத்தில்) உள்ள காந்தம் காயிலைக் கடக்கும்போது தீப்பொறி பிறக்கிறது. சாவியை அணைத்தால், காயிலிலிருந்து வரும் மெல்லிய ஒயர் எர்த் ஆகி, பொறி நின்றுவிடும். அந்த ஒயரை எஞ்சின் அருகிலேயே பிரித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். எவ்வளவு சூடேறியும் நிற்கவில்லை. பெட்ரோல் குழாயை மூடித்தான் நிறுத்தினார். ஆக, காயில்களிலும் குறை இல்லை. ஒயர் கட்டைத் தொடர்ந்து போனபோது, சைலன்சருக்குப் பின்னால் விளக்கு ஒயரும் காயில் ஒயரும் மேலுறை உருகி, செம்பு வெளியே தெரிய, சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) உரசி எர்த் ஆகிக்கொண்டிருந்தன. ஒயர் கட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய கிளிப் அங்கே இல்லை. அதற்கான துளையில் பெயின்ட் கூடக் கீறப்படவில்லை. தொழிற்சாலையிலேயே மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டு ஒயர்களையும் மாற்றி, வெப்பம் தாங்கும் உறை போட்டுக் கட்டினார். கூலி 600 ரூபாய். இப்போது வண்டி நாள் முழுவதும் ஓடுகிறது.

வண்டி சர்வீஸ் மையத்தில் கிடந்த நாள்களில் தோப்பில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டது. கண்ணாடி விரியன் நடமாடும் இடம் இது. காய் பொறுக்க வந்த பெண்கள் தடியால் புல்லைத் தட்டித் தட்டி நடந்தார்கள். இந்தப் பயத்துக்கு எந்த பில்லிலும் கணக்கு இல்லை.

9,400 ரூபாயையும் மெக்கானிக் கூலியையும் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய காயில்கள் என்னுடையவை, அவையும் வேண்டும். ஜாப் கார்டில் உள்ள அந்த வரியை எழுத்துமூலம் நீக்கி, வாரண்டி தொடர்கிறது என்று கடிதம் தர வேண்டும். நாளை எஞ்சினில் உண்மையாகவே பழுது வந்தால், அந்த ஒரு வரியைக் காட்டித்தான் மறுப்பீர்கள். 15 நாள்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இதே மாடலை வாங்கிய மற்றவர்களின் வண்டிகளில் அந்தக் கிளிப் இருக்கிறதா என்று உடனே ஆள் அனுப்பிப் பாருங்கள். இவ்விரு ஒயர்களும் ஒன்றையொன்று தொட்டால் பேட்டரியின் 12 வோல்ட் விளக்கு வழியாகக் காயிலுக்குள் பாய்ந்து அதைக் கெடுக்கக்கூடும். பெட்ரோல் வண்டியில், சூடான சைலன்சர் அருகே உறை உருகிய ஒயர் கிடப்பது உயிருக்கே ஆபத்து.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல், பில் நகல்கள், உருகிய ஒயர்கள் மற்றும் கிளிப் துளையின் புகைப்படங்கள்.