தாடி ஓணான் வேண்டாம். ஆமைத் தொட்டியைக் கவனியுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தாடி ஓணானுக்கு (பியர்டட் டிராகன் என்னும் பல்லி வகை) தொட்டி அமைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு: சிங்கப்பூரில் அதை வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. இணையத்தில் யார் விற்றாலும் தயவுசெய்து வாங்காதீர்கள். சிவப்புக்காது ஆமைக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி உண்டு.

ஆமை வைத்திருப்போர் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். ஏறி உடம்பு காய ஒரு மேடை, அங்கே 32 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம், கூடவே யுவிபி (ஓடு உறுதியாக இருக்கத் தேவையான புற ஊதாக் கதிர்) விளக்கு. ஜன்னல் வெயிலை நம்பாதீர்கள். கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும், நாளடைவில் ஓடு மென்மையாகிவிடும். விளக்கு நன்றாக எரிந்தாலும் அந்தக் கதிர் குறைந்துகொண்டே வரும், ஆண்டுக்கொரு முறையாவது மாற்றுங்கள். அப்புறம், தொட்டியைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி பரவலாம்.

வளர்க்க முடியாமல் போனால் நீர்த்தேக்கத்தில் விட்டுவிடாதீர்கள். குழுவில் சொல்லுங்கள், வேறு வீடு பார்ப்போம்.