செய்தி ஆசிரியர்களுக்கு: நிருபரைத் தனியாகக் குடிபெயர விடாதீர்கள்

மதிப்புக்குரிய செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். முன்பு ட்விட்டராக இருந்த எக்ஸை விட்டு, அதைப் போன்ற சமூக ஊடகங்களான மாஸ்டடானுக்கோ புளூஸ்கைக்கோ போவதா வேண்டாமா என்று நிருபர்கள் எங்களுக்குள்ளேயே பேசி ஓய்ந்துவிட்டோம். போனவர்கள் அவரவர் பொறுப்பில் போனார்கள். மற்றவர்கள் அரை மனதோடு இருக்கிறார்கள். இதில் நிறுவனங்கள் வாயே திறக்கவில்லை என்பதுதான் என் குறை.

2022 டிசம்பர் 15 நினைவிருக்கும். நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட், சிஎன்என் நிருபர்கள் சிலரின் ட்விட்டர் கணக்குகள் திடீரென முடக்கப்பட்டன. தளத்தை வாங்கியிருந்த ஈலான் மஸ்கின் விமானம் எங்கே போகிறது என்று வெளியிட்டுவந்த கணக்கையொட்டி எழுந்த விவகாரம் அது. மாஸ்டடானின் சொந்தக் கணக்கும் அன்றே முடங்கியது. அங்கே போகும் லிங்க்குகள் ஆபத்தானவை என்று தடுக்கப்பட்டன. மூன்று நாள் கழித்து, போட்டித் தளங்களுக்கு ஆள் அனுப்பும் பதிவுகளுக்கே தடை என்று ஒரு விதி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் காணாமல் போனது. பல கணக்குகள் சீக்கிரமே திரும்பின, உண்மைதான். ஆனால் முடக்கவும் திருப்பித் தரவும் முடிவெடுத்தது ஒரே ஆள். 2023 அக்டோபரில் எக்ஸில் பகிர்ந்த லிங்க்குகளில் செய்தித் தலைப்பே தெரியாமல் வெறும் படம் மட்டும் நின்றது. நாங்கள் எழுதிய தலைப்பை நாங்களே மறுபடி தட்டச்சு செய்தோம்.

வெளியேறினால் வாசகர்கள் போய்விடுவார்கள் என்பது உங்கள் கவலை. அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2023 ஏப்ரலில், அரசு சார்ந்த ஊடகம் என்ற முத்திரை குத்தப்பட்டதும் ட்விட்டரில் பதிவிடுவதை நிறுத்தியது. ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, என்பிஆரின் இணையதளத்துக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளிதான் குறைந்திருந்தது. பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் 2024 நவம்பரில் எக்ஸில் நிறுவனக் கணக்குகளில் பதிவிடுவதை நிறுத்தியது. ஆனால் நிருபர்கள் செய்தி சேகரிக்க எக்ஸைப் பயன்படுத்தலாம் என்றது. நியாயமான ஏற்பாடு. தனியாக இயங்கும் நிருபருக்கு இந்தக் கணிப்பு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வேலை வருவதே ஃபாலோயர்கள் வழியாகத்தான்.

சரி, போவது என்றால் எப்படி? ஒரு வாடகை வீட்டைக் காலி செய்து இன்னொரு வாடகை வீட்டுக்குப் போவதுபோல் இருந்தால் பயனில்லை. புளூஸ்கையும் ஒரு கம்பெனிதான். நாளை அதுவும் கைமாறலாம். அங்கே ஒரு வசதி மட்டும் இருக்கிறது: சொந்த டொமைனையே, அதாவது இணையதள முகவரியையே, பயனர்பெயராக வைத்துக்கொள்ளலாம். உங்கள் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில், அதாவது அந்த முகவரிக்கான பதிவேட்டில், ஒரு நிருபருக்கு ஒரு வரி சேர்த்தால், அவர் பெயருக்குப் பின்னால் உங்கள் பத்திரிகையின் முகவரி வந்து நிற்கும். போலிக் கணக்கு எது, அசல் எது என்று வாசகர் பார்த்த மாத்திரத்தில் அறிவார். எக்ஸில் காசு கொடுத்து வாங்கும் நீல டிக்கால் இதைச் செய்ய முடியாது. மாஸ்டடானில் இன்னும் எளிது. உங்கள் இணையதளத்தில் நிருபரின் அறிமுகப் பக்கத்தில் அவருடைய மாஸ்டடான் கணக்குக்கு ஒரு லிங்க் வைத்து, அதற்குள் சின்னக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தால், அங்கே அவர் பக்கத்தில் அந்த முகவரி பச்சை நிறத்தில் உறுதியாகிவிடும். மாஸ்டடான் ஒரே கம்பெனியின் தளமல்ல, பலரும் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் சேர்ந்தது. பிபிசி 2023இல் சோதனையாகச் சொந்த மாஸ்டடான் சர்வரையே நிறுவியது.

இதையெல்லாம் நிருபர் தனியாகச் செய்ய முடியாது. டொமைன் உங்கள் கையில். நாங்களாகச் சேரும் மாஸ்டடான் சர்வர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டால், ஃபாலோயர்களை வேறிடத்துக்கு மாற்றவும் வழியில்லை. மாற்றும்போது பழைய சர்வர் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பழைய பதிவுகளோ எப்படியும் கூட வராது.

அப்புறம், எக்ஸ் கணக்குகளை அவசரப்பட்டு அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்த பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ள இடமுண்டு. பூட்டி வையுங்கள், புது முகவரியை அங்கேயே எழுதி வையுங்கள். ஆளெடுக்கும்போது எத்தனை ஃபாலோயர்கள் என்று கேட்பதையும் விடுங்கள். அந்தக் கேள்வி இருக்கும்வரை யாரும் துணிந்து நகரமாட்டார்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். உங்கள் டொமைன் அமைப்பைக் கவனிக்கிறவர் யார் என்று விசாரித்து, அவரை நிருபர்களோடு ஒருமுறை உட்காரவையுங்கள். பல அலுவலகங்களில் அவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு நிருபர்