கையெழுத்து விழுந்த பிறகு

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். வக்கீல் குமாஸ்தாவாகப் பல காலம் வழக்குக் கட்டுகளைச் சுமந்தவன் எழுதுகிறேன்.

சிறையில் மனு போட்டு மகனைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அம்மா, தீர்ப்பு நகலை என் மேசையில் வைத்தார். செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பு, முழுக்க ஆங்கிலம். நான்காக மடித்த இடமெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. "34 வயது என்பதை 43 என்று போட்டிருக்கிறார்கள். தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஐயாவிடமே சொன்னால் தீர்ப்பை மாற்றிவிடுவார் அல்லவா?"

வயதைத் திருத்துவார், தண்டனையைத் தொட மாட்டார். கையெழுத்திட்ட தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அதே நீதிமன்றம் மாற்றக் கூடாது என்கிறது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 403ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 362. ரத்து செய்யும் அதிகாரம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துடையது. அதுவும் தவறு நடந்தது என்றவுடன் ரத்து செய்துவிடாது. அந்தத் தவறால் நீதி கெட்டதா என்று பார்க்கும். நீதிமன்றம் குற்றச்சாட்டை வனைந்தபோது, அதாவது எழுத்தில் பதிந்தபோது, பிரிவு எண் மாறியிருந்தால் அந்த வாதத்தைப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். ஆனால் பாதகமான ஒரு சாட்சியத்தைப் பற்றி எதிரியிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம், நீதிமன்றம் விளக்கமே கேட்காமல், அதை வைத்தே தண்டித்திருந்தால் வாதத்துக்கு வலு உண்டு. அப்படி விளக்கம் கேட்டு நீதிபதி கேட்கும் கேள்விகளுக்குப் 'பொய்' என்ற ஒற்றைச் சொல்லையே பதிலாகச் சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். எதற்காகக் கேட்டார்கள் என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

அந்த அம்மா வயதையே பிடித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் அவரால் படிக்க முடிந்தது.

குற்றவாளிக்குத் தீர்ப்பு நகல் இலவசம். கேட்டால், இயன்றவரை அவருடைய மொழியிலேயே மொழிபெயர்ப்பும் தர வேண்டும். இது அதே புதிய சட்டத்தின் 404ஆம் பிரிவிலேயே இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு உங்கள் வழியாக இலவச வக்கீல் உண்டு என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். சிறைக் கண்காணிப்பாளரிடமே மேல்முறையீட்டைக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கலாம் என்று தெரிந்த ஒரு கைதியைக்கூட நான் பார்த்ததில்லை.

நான் கேட்பது ஒரு தாள். தண்டனை சொன்ன அன்றே, வேனில் ஏற்றுவதற்கு முன், உங்கள் தன்னார்வலர் ஒருவர் கைதியிடமும் வீட்டாரிடமும் தமிழில் கொடுக்கட்டும். எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், எத்தனை நாள் கெடு, மொழிபெயர்ப்பை யாரிடம் கேட்பது, இவ்வளவும் அதில் இருந்தால் போதும். உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். தாமதத்தை மன்னிக்கக் கோரலாம்தான். அதற்குத் தனி மனு, தனி வாய்தா.

அந்த அம்மா என்னிடம் வந்தது தீர்ப்பு வந்த 57ஆம் நாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்