பாலித் தீவின் உணவு மேசை

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் உங்கள் மனைவியார் மீண்டும் நாளிதழ் வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்பதை அறிந்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். கேட்டரிங் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் உங்கள் இளைய மகள் பயிற்சிக்குப் பாலித் தீவைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், அங்குள்ள மேற்கத்திய உணவகங்களில் அவள் கற்றுக்கொள்ளத் தக்கது ஏதேனும் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். அண்மையில் நானும் என் மனைவியும் அத்தீவின் உபுது என்னும் ஊரில் தங்கியிருந்தபோது அத்தகைய உணவகங்கள் சிலவற்றில் சாப்பிட்டோம். அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்கிறேன்: கற்றுக்கொள்ள நிறைய உண்டு, ஆனால் எந்தச் சமையலறையில் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மேற்கத்திய உணவின் அடித்தளமான ரொட்டி, வெண்ணெய், மாட்டிறைச்சி ஆகிய மூன்றுக்கும் அந்தத் தீவு வெளிநாட்டையே நம்பியிருக்கிறது. பாலியை உள்ளடக்கிய இந்தோனேசியாவில் கோதுமை விளைவதில்லை என்றே சொல்லலாம். உலகில் மிகுதியாகக் கோதுமை வாங்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. பாலியின் பழைய சமையலில் பசும்பாலுக்கு இடமே இல்லை. அந்த இடத்தைத் தேங்காய்ப்பால் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தோ நியூசிலாந்திலிருந்தோதான் வருகின்றன. பாலி மாடுகள் உழவுக்குப் பழகிய, கொழுப்புக் குறைந்த இனம் என்பதால், ஸ்டீக்குக்கான இறைச்சியையும் பெரிய உணவகங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்தே வரவழைக்கின்றன. முதல் நாள் நாங்கள் சென்ற உணவகத்தில் உணவு எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. ஆயினும் அதே தட்டைச் சிங்கப்பூரிலோ துபாயிலோ வைத்திருந்தால் எனக்கு வேறுபாடு தெரிந்திருக்காது. அதற்காக ஒருவர் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

பின்னொரு மாலையில் வேறோர் இடத்தில் உண்ட மீனைப் பற்றித்தான் உங்களுக்கு விரிவாக எழுத விரும்புகிறேன். தீவின் தெற்கிலுள்ள பெனோவா துறைமுகம் சூரை மீனுக்குப் பேர்போனது. அந்த மீனின் பெரிய துண்டு ஒன்றை மேற்புறம் மட்டும் சிவக்க வாட்டி, உள்ளே செந்நிறம் மாறாமல் ஐரோப்பிய முறையில் சமைத்திருந்தார்கள். அதன்மேல் வெண்ணெய்க் குழம்புக்குப் பதிலாக, பாலி மக்கள் சம்பல் மத்தா என்று அழைக்கும், வேகவைக்காத சம்பலைப் பரப்பியிருந்தார்கள். மெல்லியதாக அரிந்த சின்ன வெங்காயம், எலுமிச்சம்புல்லின் இளந்தண்டு, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சூடான தேங்காய் எண்ணெயில் பிசைந்தது அது. எண்ணெயின் சூட்டில் வெங்காயத்தின் காரம் அடங்கியிருந்தது. கடிக்கும்போது மொறுமொறுப்பும் குறையவில்லை. பக்கத்தில் இருந்த கீரையும் காரட்டும் பெடுகுல் மலைப்பகுதியில் விளைந்தவை. நமக்கு ஊட்டி எப்படியோ அப்படித்தான் அவர்களுக்குப் பெடுகுல். முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெரி உட்படக் குளிர்நாட்டுப் பயிர்கள் பலவும் அந்த உயரத்தில் நன்றாக வளர்கின்றன. இறுதியில் வந்த பன்னா கோட்டா என்னும் இத்தாலிய இனிப்பில் பாலேட்டுக்குப் பதில் தேங்காய்ப்பாலைச் சேர்த்துப் பனைவெல்லப் பாகை ஊற்றியிருந்தார்கள். என் மனைவி சமையலாளரையே அழைத்துச் செய்முறையைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

மேசையில் இருந்த உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிழக்குக் கரையில் குசம்பா என்னும் ஊரில், எரிமலைக் கருமணல்மீது கடல்நீரைத் தெளித்து உலரவிட்டு, உப்பேறிய மணலை வாரி மறுபடி கடல்நீர் ஊற்றி வடிகட்டி, அந்த அடர்ந்த நீரைப் பிளந்த தென்னந்தண்டுத் தொட்டிகளில் வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். இவ்வளவு உழைப்பில் விளையும் உப்பை ஒரு சமையலாளர் தேடிச் சென்று வாங்குகிறார் என்றால், அவரிடம் பயிற்சி பெறுவது எந்தக் கல்லூரிப் பாடத்துக்கும் குறைந்ததன்று. கிந்தாமணி மலையின் காப்பி, ஜெம்ப்ரானாவின் கொக்கோ ஆகியவற்றையும் இவ்வாறே நல்ல உணவகங்கள் பயன்படுத்துகின்றன. எனக்கு மதுப் பழக்கம் இல்லாவிட்டாலும், வடக்கே சிங்கராஜா பக்கத்துத் திராட்சையிலிருந்து 1994 முதல் ஹாட்டன் நிறுவனம் ஒயின் தயாரித்து வருவதைக் கேட்டு வியந்தேன். குளிர்காலமே இல்லாத அம்மண்ணில் கொடிகள் ஆண்டு முழுவதும் மாறி மாறிக் காய்க்கின்றனவாம்.

உள்ளூர்ப் பொருள்களை மேற்கத்திய முறையில் சமைக்கும் இந்த வழியைத் தொடக்கத்திலேயே பின்பற்றியவர்களுள் ஒருவர் கிறிஸ் சலான்ஸ் என்னும் சமையலாளர். 2001ஆம் ஆண்டு உபுதில் மொசைக் என்ற உணவகத்தைத் தொடங்கி, பிரெஞ்சு முறைச் சமையலில் இந்தோனேசிய நறுமணப் பொருள்களைச் சேர்த்தார். 2013இல் அதே ஊரில் ஏல்கே பிளாஸ்மையரும் ரே அட்ரியான்ஸ்யாவும் தொடங்கிய லோக்கவோர், உள்நாட்டுப் பொருளையே கொண்டு சமைப்பது என்று இன்னும் ஓரடி முன்னே சென்றது. உங்கள் மகள் விண்ணப்பிக்கும்போது, இவ்வகைச் சமையலறைகளில் இடம் கிடைக்குமா என்று முதலில் முயலட்டும். கிடைக்காவிட்டால், எந்த உணவகமானாலும் காய்கறியையும் மீனையும் யாரிடம் வாங்குகிறார்கள் என்று நேர்காணலிலேயே கேட்கட்டும். அதற்குத் தெளிவான பதில் சொல்லும் இடத்தில் சேரலாம்.

என்னை வருத்திய ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். உபுதிலும் கடற்கரை ஊரான சாங்குவிலும் பல உணவகங்கள் வயலை நோக்கி மேசைகளைப் போட்டிருக்கின்றன. அந்த வயல்களுக்கு நீரைப் பங்கிடும் சுபாக் என்னும் உழவர் அமைப்பையும் அதன் நிலப்பரப்பையும் 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆனால் அந்த மேசைகள் சிலவற்றில் ஒரு பிடி சோறுகூடக் கிடைக்கவில்லை. பசுமையைக் காண வருகிறவர்கள் பெருகப் பெருக, அந்தப் பசுமையே விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் மனைகளாகிக்கொண்டிருக்கிறது. ஒரு வயலை அழித்து, மிஞ்சிய வயலைக் காட்டி விருந்தினரை அழைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. உங்கள் மகள் இதையும் கண்ணால் பார்க்கட்டும்.

அவளைப் பார்க்க நீங்கள் இருவரும் சென்றால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். உணவுப் பட்டியலில் 95 என்று இருந்தால் அது 95,000 ரூபியா. அருகில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனியாகச் சேரும். அடுத்து, நம் யுகாதியை ஒட்டிப் பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெப்பி என்னும் பாலிப் புத்தாண்டு நாளன்று தீவு முழுவதும் மௌனம் காக்கும். விமான நிலையம்கூட மூடப்பட்டிருக்கும். அந்நாளைத் தவிர்த்துப் பயணச்சீட்டு எடுங்கள். எந்த மாதம் புறப்படுகிறாள் என்று எழுதுங்கள். தேங்காய்ப்பால் பன்னா கோட்டாவின் செய்முறையை என் மனைவி அவளுக்குத் தனியே எழுதி அனுப்புவாள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்