நான்கு மீட்டர் மணல்

தென்காசி
12.7.2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்த அன்று நான் ஊரில் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்து நேற்றுதான் கொடுத்தார்கள். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இப்போதைக்கு மாடிப்படி ஏறாதே. பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொல்வதைக் கேள். கேட்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

மகள் மீனா என்னைக் கூட்டிப்போயிருந்தாள். மூனிக்கில் பதினைந்து நாள், அங்கிருந்து கிரீஸ். இவருக்கு நீண்ட விமானப் பயணம் ஒத்துக்கொள்ளாது என்பதால் வரவில்லை. மாப்பிள்ளை மிக்கோனோஸ் தீவில் நான்கு நாள் தங்க ஏற்பாடு செய்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் மத்தியதரைக் கடலை வரைந்து காட்டியவள் நான். கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை என்று எத்தனை பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருப்பேன். அந்தத் தண்ணீரில் கால் வைத்தபோது கண் நிறைந்துவிட்டது, மல்லி. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தீவு சின்னது, சுமார் 85 சதுர கிலோமீட்டர்தான். மரம் அதிகம் இல்லாத கருங்கல் மேடு. ஜூலை, ஆகஸ்ட்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்று ஒரு காற்று நாள்கணக்கில் வீசும். ஆடிக்காற்றுக்குச் சளைத்ததல்ல. நாங்கள் போனது ஜூன் கடைசியில், அப்போதே குடையை விரிக்க முடியவில்லை. தெற்குக் கரையில் மட்டும் மேடு காற்றை மறித்துக்கொள்வதால் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போல் அசையாமல் கிடக்கிறது. பேர்போன பீச் கிளப்புகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கமே இருப்பதற்கு இதுதான் காரணம் என்று பார்த்தவுடனே புரிந்தது.

அப்படி ஒரு கிளப்பில் மாப்பிள்ளை மூன்று வாரம் முன்பே முன்வரிசை இடம் பதிவு செய்திருந்தார். இரண்டு மெத்தைக் கட்டில், ஒரு குடை, ஒரு பகலுக்கு 140 யூரோ. கிட்டத்தட்ட பதினாலாயிரம் ரூபாய். சாப்பாடு தனி. பணத்தைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது, ஆனால் பிள்ளைகள் ஆசையாகச் செய்ததை ஏன் கெடுக்க வேண்டும் என்று வாய் திறக்கவில்லை. அழகாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். வெள்ளைத் துணி, குளிர்ந்த ஈரத்துண்டு, சுருட்டிவைத்த பெரிய துண்டுகள். தூரத்தில் நிற்கும் சொகுசுப் படகுகளிலிருந்து சின்னப் படகில் ஆட்கள் வந்து இறங்கியபடி இருந்தார்கள். மொஸ்த்ரா என்று ஒரு பதார்த்தம் தந்தார்கள். கல்லுமாதிரி காய்ந்த பார்லி ரொட்டி, அதன்மேல் தக்காளி, கோபனிஸ்தி என்கிற அந்த ஊர்ப் பாலாடைக்கட்டி. மிளகு போட்டதுபோல் நாக்கில் சுரீரென்றது. தக்காளிச் சாறு இறங்கி ரொட்டி ஊறும்வரை பொறுத்துச் சாப்பிட வேண்டும். உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பரிமாறிய பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நான் ரிட்டயர்டு டீச்சர் என்று மீனா சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. அவன் அக்காவும் டீச்சராம். இந்தத் தீவுக்கு வேலை போட்டார்கள், தங்க வீடு கிடைக்கவில்லை, இருக்கிற அறையெல்லாம் சுற்றுலாக்காரருக்கே போகிறது என்றான். அவனும் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். அதன்பிறகு அந்த வெள்ளைத் துணியில் சாய்ந்திருக்க எனக்கு முதுகு இணங்கவில்லை.

பதினோரு மணி இருக்கும். மேட்டுப் பாதையிலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். கறுப்புக் கவுன், ரப்பர் செருப்பு, கையில் வெளுத்த நீலத் துண்டு. கட்டில் வரிசைகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தார். யாரையும் பார்க்கவில்லை. எங்கள் கட்டிலுக்கும் தண்ணீருக்கும் இடையே துண்டை உதறி விரித்தார், நான்கு மூலையிலும் கல் வைத்தார், உட்கார்ந்தார். யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று எனக்குப் பதைத்தது. வேலை செய்கிற பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்களே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருந்தது. அவரோடு மூனிக்கில் வேலை பார்க்கிற ஒருவருக்கு, பக்கத்துத் தீவான பாரோஸ்தான் சொந்த ஊர். கிரீஸில் கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை, பொதுச்சொத்து. கட்டில் போடுகிறவர்கள் ஒரு பகுதியை அரசிடம் குத்தகைக்கு எடுக்கிறார்கள். ஆனால் எடுத்த அளவைத் தாண்டித் தண்ணீர் ஓரம்வரை பரப்பிவிட்டார்கள். அங்கே கடல்மட்டம் ஏறி இறங்குவது, அதாவது ஓதம், மிகக் குறைவு, நம் பக்கம்போல் அலை வந்து வாரிக்கொண்டு போகாது. அதனால் அவ்வளவு ஓரத்தில் கட்டில் போட முடிந்திருக்கிறது. 2023 ஜூலையில் பாரோஸ் மக்கள் துண்டும் பதாகையுமாகக் கரையில் இறங்கிவிட்டார்கள். துண்டு இயக்கம் என்றே அதற்குப் பெயர். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு நீ எனக்கு இடம் பிடிப்பாயே, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில்! ஒரு நாடே அதைச் செய்திருக்கிறது. நக்ஸோஸ், இன்னும் பல தீவுகளுக்கும் பரவி, 2024 மார்ச்சில் புதிய சட்டம் வந்தது. சாதாரணக் கடற்கரையில் பாதியாவது காலியாக இருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடங்களில் 70 சதவீதம். தண்ணீரிலிருந்து நான்கு மீட்டருக்குள் ஒரு கட்டில்கூடக் கூடாது. மீறினால் யார் வேண்டுமானாலும் போனிலேயே புகார் அனுப்ப ஒரு செயலி இருக்கிறது.

அந்தப் பாட்டி உட்கார்ந்திருந்தது அந்த நான்கு மீட்டரில்.

நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தேன். மணல் பரபரவென்று இருந்தது. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தேன், கருங்கல் உதிர்ந்த மணல் என்பது தெரிந்தது. கண்ணாடித் துண்டுபோல் குவார்ட்ஸ், நடுவே மினுமினுக்கும் கறுப்பு மைக்கா. அதைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு பாட்டி சிரித்தார். ஒரு சொல்கூட எங்களுக்குப் பொதுவில்லை. பையிலிருந்து ஆப்ரிகாட் பழம் ஒன்றை எடுத்து, கையாலேயே பிளந்து, கொட்டையை எறிந்துவிட்டுப் பாதியை எனக்குக் கொடுத்தார். பிறகு கடலைக் காட்டி "தாலசா" என்றார். நான் "கடல்" என்றேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். ‘ட’ வரவில்லை. "கதல், கதல்" என்றபடியே எழுந்து கவுனோடு தண்ணீருக்குள் நடந்து, கழுத்தளவு வந்ததும் நீந்தத் தொடங்கிவிட்டார். எனக்கு நீச்சல் தெரியும் என்பதே எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. நானும் சுடிதாரோடு இறங்கினேன்.

மறுநாள் இன்னொரு கிளப்புக்கு ஏற்பாடாகியிருந்தது. வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். வடக்குக் கரையில் ஆயியோஸ் சோஸ்திஸ் என்ற இடத்துக்குப் போனோம். கட்டிலும் கிடையாது, குடையும் கிடையாது. காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் பாறை நிழலில் ரொட்டியும் தர்பூசணியும் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மீனா என் மடியில் தலை வைத்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

டெலோஸ் தீவுக்கும் போனோம். பழுப்புக் கல் இடிபாடுகளுக்குள் வெயிலில் நாலு மணி நேரம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பழங்காலத்தில் அங்கே யாரும் பிறக்கவோ சாகவோ கூடாது என்று விதி இருந்ததாம். இன்றைக்கும் பயணிகள் இரவு தங்க முடியாது.

இங்கே குற்றாலத்தில் சாரல் நன்றாக இருக்கிறது. மொட்டைமாடியில் துணி காய்வதில்லை. உனக்கென்று ஒரு பாட்டில் தைம் தேன் வாங்கி வந்திருக்கிறேன். ஆவணியில் கோயம்புத்தூர் வரும்போது கொண்டுவருகிறேன். அதற்குள் தடி இல்லாமல் வாசல்வரை நடந்து பழகு.

என்றும் உன்
வசந்தா