டொராண்டோவிலிருந்து மாமாவுக்கு: மைக் பிடித்தவர்களின் கதை

ஸ்கார்பரோ,
ஜனவரி 2026

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் இங்கே நலம். அத்தைக்கு முட்டி வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பொங்கலன்று போனில் பேசும்போது, "அங்கேயும் ஹாக்கிதானாமே, யாருப்பா மைக் பிடிக்கிறது?" என்று கேட்டீர்கள். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் "ஜோ போவன்னு ஒருத்தர் மாமா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கோவில்பட்டி மைதானத்தில் இத்தனை வருஷமாக மைக் பிடிக்கிறவர் கேட்ட கேள்விக்கு அது போதாது. இன்று விடுமுறை, வெளியே பனி கொட்டுகிறது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மாதிரி செயற்கைப் புல்தரை இல்லை, உறைய வைத்த பனித்தரை. காலில் ஸ்கேட். கோலியையும் சேர்த்து ஒரு பக்கம் ஆறு பேர். பந்துக்குப் பதில் பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. இருபது இருபது நிமிஷமாக மூன்று பகுதி. முக்கால் நிமிஷம் ஓடியதும் ஆள் களைத்துவிடுவான்; ஆட்டத்தை நிறுத்தாமலே அவன் வேலியைத் தாண்டி வெளியே வர, இன்னொருவன் உள்ளே குதிப்பான். வர்ணனை செய்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக் எங்கே என்றும் பார்க்க வேண்டும், யார் யார் மாறினார்கள் என்றும் பார்க்க வேண்டும், வாயும் நிற்கக் கூடாது.

இந்த ஊர் அணி டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். பார்சல் வேனில் மாலை ஷிப்ட் எனக்கு. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஏழு மணி வாக்கில் ரேடியோவில் ஆட்டம் தொடங்கும். ஆரம்பத்தில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பக் கோலை நெருங்க நெருங்கக் குரல் ஏறுகிற விதம் மட்டும் பழகியதாக இருந்தது. நீங்கள் பெனால்டி கார்னருக்குக் குரலை ஏற்றுவீர்களே, அதேதான். அப்படித்தான் இந்தக் குரல்களின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எல்லாம் 1923இல் தொடங்குகிறது. டொராண்டோ ஸ்டார் பத்திரிகை அப்போது ஒரு வானொலி நடத்தியது. அந்த வருஷம் பிப்ரவரியில் நார்மன் ஆல்பர்ட் என்பவர் அதில் ஒரு ஆட்டத்தின் கடைசிப் பகுதியை வர்ணித்தார். அவர் பெயரை இங்கே பலருக்குத் தெரியாது. அவருக்குப் பிறகு அதே வேலைக்கு அனுப்பப்பட்ட பையன் ஃபாஸ்டர் ஹெவிட். பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியருடைய மகன், இருபது வயது. மியூச்சுவல் தெரு அரங்கத்தில், பனித்தரை ஓரமாக ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, கையில் ஒரு டெலிபோனைக் கொடுத்தார்கள். மைக்கெல்லாம் இல்லை. மூச்சு பட்டுப் பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது. நடுநடுவே டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து குறுக்கே பேசினார்கள். ஆட்டமோ கூடுதல் நேரத்துக்குப் போனது. அத்தனையையும் தாங்கிக்கொண்டு அந்தப் பையன் பேசி முடித்திருக்கிறார். முதல் அனுபவம் அப்படி இருந்தும் அவர் மைக்கை விடவில்லை.

1931 நவம்பரில் லீஃப்ஸ் அணிக்கு மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற பெரிய அரங்கம் திறந்தார்கள். கட்டியவர் கான் ஸ்மைத். கட்டும்போதே ஃபாஸ்டருக்கு எங்கே இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவர் என்ன செய்தார் தெரியுமா? நகரத்தில் ஈட்டன்ஸ் கடையின் உயரமான கட்டடத்துக்குப் போய், ஒவ்வொரு மாடியாக ஏறி, ஜன்னல் வழியாகத் தெருவில் நடக்கிறவர்களைப் பார்த்தார். எந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஆளும் அடையாளம் தெரியும், மொத்தத் தெருவும் கண்ணுக்குள் வரும் என்று சோதனை. ஐந்தாம் மாடி சரிப்பட்டது. அந்தக் கணக்கில் பனித்தரைக்கு மேலே 56 அடி உயரத்தில், கூரையிலிருந்து தொங்குகிற மாதிரி ஒரு கூண்டு கட்டிக் கொடுத்தார்கள். ஆகாயக் கப்பலின் அடியில் தொங்கும் பெட்டி போல இருந்ததால் கொண்டோலா என்று பெயர். அங்கே போக ஒரு குறுகலான நடைபாலம்தான் வழி.

மாமா, ஒரு வர்ணனையாளர் தன் இடத்துக்காக இவ்வளவு மெனக்கெட்டதை வேறெங்கும் நான் படித்ததில்லை. மைதானத்தில் உங்களுக்குப் பந்தல் போடும்போது "கோல் போஸ்ட் ரெண்டும் தெரியணும்" என்று நீங்கள் சண்டை போடுவது நினைவுக்கு வந்தது.

அந்தக் கூண்டிலிருந்து சனிக்கிழமை இரவுதோறும் அவர் குரல் நாடு முழுக்கப் போனது. "ஹலோ கனடா, அமெரிக்காவிலும் நியூஃபவுண்ட்லாந்திலும் உள்ள ஹாக்கி ரசிகர்களே" என்று தொடங்குவார். நியூஃபவுண்ட்லாந்து 1949இல்தான் கனடாவோடு சேர்ந்தது, அதனால் தனியாகச் சொல்லியிருக்கிறார். "ஹீ ஷூட்ஸ், ஹீ ஸ்கோர்ஸ்!" என்று அவர் கத்தினதுதான் இன்றைக்கும் பனி உறைந்த தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் வாயில் வருவது.

1933 ஏப்ரலில் பாஸ்டன் அணியோடு ஒரு ஆட்டம். இரண்டு பக்கமும் கோலே விழவில்லை. கூடுதல் நேரம், அதற்கு மேல் கூடுதல் நேரம் என்று ஆறாவது கூடுதல் பகுதி வரை போய், நள்ளிரவு தாண்டி இரண்டு மணியை நெருங்கும்போது கென் டொராட்டி என்கிற சின்ன உருவம் ஒரு கோல் போட்டு முடித்தான். கூடுதல் நேரம் மட்டும் 104 நிமிஷம் 46 விநாடி. அவ்வளவு நேரமும் மேலே கூண்டில் ஃபாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். டிவி இல்லாத காலம். சமவெளியில் எங்கோ ஒரு பண்ணை வீட்டில் இருப்பவனுக்கு அந்த ஆட்டம் என்பதே அவர் குரல்தான்.

1952இல் டிவி வந்தது. டொராண்டோ ஆட்டத்தை நவம்பர் 1ஆம் தேதி முதலில் காட்டினார்கள், அதற்கும் ஃபாஸ்டரே வர்ணனை. சில வருஷத்தில் டிவியை மகன் பில் ஹெவிட்டிடம் கொடுத்துவிட்டு ரேடியோவுக்கே திரும்பினார். பில் சின்னப் பையனாக இருக்கும்போதே, கிறிஸ்துமஸை ஒட்டி வருஷத்துக்கு ஒரு நாள் அப்பா மைக்கைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் பேச வைப்பாராம். பில்லும் 1981 வரை பேசினார். அப்பாவுக்கும் மகனுக்கும் குரல் பிரித்தறிய முடியாத அளவு ஒன்று போல இருந்ததாகச் சொல்கிறார்கள். ஃபாஸ்டர் 1951இல் சொந்தமாக வானொலியே தொடங்கிவிட்டார். அதன் பெயரில் தன் முதலெழுத்துகளையும் வைத்திருந்தார். அந்த நிலையத்தின் வழிவந்ததுதான் என் வேனில் இப்போது ஓடுகிற 590 என்கிற வானொலி.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். நியூஃபவுண்ட்லாந்து என்று தனியாகக் கூப்பிட்டாரே, அங்கே செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் பாப் கோல் என்ற சிறுவன் முழங்காலில் அடிபட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். துணைக்கு ரேடியோவும் ஃபாஸ்டரும்தான். வளர்ந்த பிறகு 1956இல், தன் குரலைப் பதிவு செய்த டேப்பை எடுத்துக்கொண்டு டொராண்டோவில் ஃபாஸ்டரின் வானொலிக்கே போய் நின்றான். அவரும் விரட்டவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, டேப்பைக் கேட்டு, குரலுக்குப் படிகள் வேண்டும், எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போனால் கோல் விழும்போது ஏற இடம் இருக்காது என்கிற பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

1972இல் கனடா அணிக்கு சோவியத் அணியோடு எட்டு ஆட்டம் நடந்தது. கடைசி ஆட்டம் மாஸ்கோவில், செப்டம்பர் 28. முடிய 34 விநாடி இருக்கும்போது பால் ஹெண்டர்சன் கோல் போட்டான். ஓய்வில் இருந்த ஃபாஸ்டரை அந்தத் தொடருக்காகத் திரும்ப அழைத்திருந்தார்கள், டிவிக்கு. ரேடியோவுக்கு யார் தெரியுமா? அதே பாப் கோல். குருவும் சீடனும் ஒரே கோலை ஒரே நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாப் கோல் 2019 வரை சனிக்கிழமை ஆட்டங்களுக்குப் பேசினார். 2024 ஏப்ரலில் தொண்ணூறு வயதில் காலமானார்.

ஃபாஸ்டர் 1985இல் போய்விட்டார். அதற்கு முன்பே, 1979இல், அரங்கத்தின் அப்போதைய உரிமையாளர் ஹெரால்ட் பல்லார்ட் அந்தக் கொண்டோலாவைப் பிய்த்தெடுத்து எரிக்க விட்டுவிட்டார். நினைத்தாலே மனசு ஆறவில்லை. ஒரு மியூசியத்தில் வைத்திருந்தால் இன்றைக்கு நானும் போய் நின்று பார்த்திருப்பேன். அணி 1999இல் வேறு அரங்கத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் இப்போது மளிகைக் கடை. ஆட்டம் தொடங்கும் நடுப்புள்ளி இருந்த இடத்தில் தரையில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். தள்ளுவண்டியோடு அங்கே நின்று மேலே அண்ணாந்து பார்த்தேன். கடையின் கூரைதான் தெரிந்தது.

அப்புறம், போனில் சொன்ன ஜோ போவன். சட்பரி என்கிற வடக்கு ஊர்க்காரர். 1982இலிருந்து இவர்தான் லீஃப்ஸின் குரல். டிவியிலும் பேசினார், 2014க்குப் பிறகு முழுக்க ரேடியோ. கோல் விழுந்தால் "ஹோலி மாக்கினா!" என்பார். ஃபாஸ்டர் பெயரில் வர்ணனையாளர்களுக்கு ஒரு விருது உண்டு, 2018இல் இவருக்குக் கிடைத்தது. இவர் மைக் பிடித்த இத்தனை வருஷத்தில் அணி ஒரு தடவைகூட ஸ்டான்லி கோப்பை, அதாவது இங்கே லீக்கின் பெரிய கோப்பை, வாங்கவில்லை. கடைசியாக வாங்கியது 1967இல். தோற்கிற ராத்திரியிலும் அந்தக் குரலில் சலிப்பு இருக்காது. இந்த சீசனோடு விடைபெறுவதாக அறிவித்திருக்கிறார். அதனால் ஒரு ஆட்டத்தையும் விடாமல் கேட்கப் பார்க்கிறேன்.

இன்னொன்று. 2008இலிருந்து பஞ்சாபியிலும் டிவி வர்ணனை வருகிறது. ஹர்நாராயண் சிங் என்பவர் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். 2016 இறுதிப் போட்டியில் பொனினோ என்ற ஆட்டக்காரர் கோல் போட்டதும் அந்தப் பெயரையே மூச்சு விடாமல் அவர் திரும்பத் திரும்பக் கத்தினது நாடு பூராவும் பரவியது. ஸ்கார்பரோவில் தெருவுக்குத் தெரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. தமிழிலும் ஒருநாள் இந்த ஆட்டத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தை இங்கே பவர் பிளே என்பார்கள்; அதை எப்படிச் சொல்லலாம், எங்கே குரலை ஏற்றலாம் என்று வேன் ஓட்டும்போது நானே சொல்லிப் பார்க்கிறேன்.

அதற்கு உங்களிடம் ஒரு உதவி வேண்டும். அடுத்த டோர்னமெண்டில் நீங்கள் பேசுவதைத் தம்பியிடம் சொல்லிப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு ஆட்டம் முழுசாக வேண்டும், கோல் விழுந்த இடம் மட்டும் போதாது. பக்கத்தில் குழாய் ஸ்பீக்கர் இரைச்சல் இருந்தாலும் பரவாயில்லை.

அத்தையை மாத்திரை மறக்காமல் போடச் சொல்லுங்கள். அம்மாவிடம் ஜாக்கெட் கதகதப்பாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்