எந்த பூட்ஸ் என்றும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி தொடங்கினால், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் தொற்றும் எலிக்காய்ச்சல் பற்றிய அறிவித்தல்கள் பத்திரிகைகளில் வரும். வயலுக்கும் குளத்துக்கும் இறங்குவோர் பூட்ஸ் அணியுங்கள் என்பதோடு முடிந்துவிடும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சல் உயிர்களைப் பறித்த பிறகு எங்கள் ஊரிலும் பலர் றப்பர் பூட்ஸ் வாங்கினார்கள். சிலருடையது இப்போது கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது.

நான் முத்தையன்கட்டுக் குளத்துக்கு ஜப்பான் மீனுக்கும் (திலாப்பியா), நந்திக்கடல் களப்புக்கு இறாலுக்கும் போகிறவன். முதல் வாங்கிய சோடி என் காலுக்கு இரண்டு இலக்கம் பெரிது. கடையில் வேறு அளவு இல்லை, சரி சமாளிக்கலாம் என்று எடுத்து வந்தேன். வட்டுவாகல் பக்கம் சுரியில் பத்து எட்டு வைத்திருக்கமாட்டேன், வலது கால் மட்டும் மேலே வந்தது. பூட்ஸ் சேற்றோடு நின்றுவிட்டது. மற்றதற்குள் தண்ணீர் நிறைந்து கல்லுக் கட்டியது போல் இழுத்தது. மச்சான் கையைப் பிடித்து இழுத்துத்தான் கரையேறினேன்.

அதனால் சொல்கிறேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரும் இடத்துக்கு பூட்ஸ் வேண்டாம். களப்பில் ஊரி (சிப்பி ஓடு) காலை வெட்டாமல் இருக்க, நாடா இறுக்கிக் கட்டிய கான்வஸ் சப்பாத்துப் போதும். திருக்கை விலகிப்போக, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும். பூட்ஸ் குளக்கட்டுக்கும் வரம்புக்கும் கரையோரச் சேற்றுக்கும் உரியது. அங்கே அது புடையன் பாம்பிடமிருந்தும் காக்கும். அந்தப் பாம்பு பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் கடிக்கிறது.

வாங்கும்போது தடித்த காலுறையோடு போட்டு நடந்து பாருங்கள். கணுக்காலில் பிடிப்பு இருக்க வேண்டும், குதிக்கால் எழும்பக் கூடாது. முன்பக்கத்தை மடித்துப் பாருங்கள்: மடிப்பில் மெல்லிய கீறல்கள் தெரிந்தால் அது கடையில் கிடந்து காய்ந்த றப்பர், வேண்டாம். பிளாஸ்ரிக் பூட்ஸ் மலிவுதான், ஆனால் விறைப்பானது. நாள் முழுக்க நடந்தால் காலை உராய்ந்து புண்ணாக்கும். அந்தப் புண்ணுக்குள் தண்ணீர் போனால் கிருமிக்கு வாசலைத் திறந்து விட்டது போலத்தான். உள்ளே கம்பளி வைத்தது எங்கள் வெக்கைக்கு ஆகாது.

அப்புறம், வெயிலில் காய வைக்காதீர்கள். பழைய பத்திரிகைத் தாளை உள்ளே திணித்து நிழலில் வையுங்கள். காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், ஒருநாள் என்னுடையதிலிருந்து தேள் விழுந்தது. பூட்ஸ் இருக்கிறதே என்று சுகாதாரப் பகுதியினர் தரும் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

உதவியாக பூட்ஸ் கொடுப்பவர்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள்: கால் அளவைக் கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள், சிறிய இலக்கங்களையும் சேர்த்து. சென்ற முறை எங்கள் ஊருக்கு வந்தவை எல்லாம் 9ஆம் இலக்கம். என் மனைவியின் கால் 5. அவள் இன்னும் வெறுங்காலோடுதான் வயலுக்குப் போகிறாள்.

ஒரு மீன்பிடித் தொழிலாளி,
முள்ளியவளை.